மேசைமேல் ஒரு கறுத்தக்கொழும்பான்

வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்து மாம்பழம் வெள்ளவத்தைச் சந்தைக்கு வந்து சேரும். கறுத்தக்கொழும்பான் என்று பெயர் பெற்ற அப்பழத்தை நாடி வருவோர் பலர். ஒருவர் காம்படியை மூக்கருகே கொண்டு சென்று மணம் பார்ப்பார். மற்றொருவர் பெருவிரலால் மெல்ல அழுத்திப் பதம் பார்ப்பார். விலை பார்ப்போரும் நிறை பார்ப்போரும் உளர். அழுகல் உண்டோ என்று புரட்டிப் பார்ப்போரும் உளர். இத்தனை பார்வைக்கும் முடிவு ஒன்றே. பழம் வீட்டுக்குச் சென்று உண்ணப்பட வேண்டும்.

அதே சந்தையில் ஓவியன் ஒருவன் பழம் வாங்குகிறான் என்று கொள்ளலாம். அவன் அதனை வீட்டுக்குக் கொண்டு சென்று உண்பதில்லை. யன்னல் ஓரத்து மேசையில், மங்கிய துணி ஒன்றின்மேல் வைக்கிறான். பக்கத்தில் ஒரு பித்தளைச் செம்பை வைக்கிறான். எதிரே அமர்ந்து நெடுநேரம் பார்க்கிறான். பழுத்த பின்னும் பச்சை மாறாத அதன் தோலில் மஞ்சள் எங்கே தொடங்குகிறது? செம்பின் வயிற்றில் பழத்தின் நிழல் எவ்வாறு வளைந்து விழுகிறது? துணியின் வெண்மை உண்மையில் வெண்மைதானா, அன்றிச் சிறிது நீலமா? இவையே அவன் தனக்குள் கேட்கும் வினாக்கள். உண்பதற்கும் விற்பதற்குமன்றிக் காண்பதற்காகவே ஒரு பொருளைக் காணும் இந்தப் பார்வையிலிருந்து பிறப்பதே அசையாப் பொருட் சித்திரம்.

மேனாட்டார் இக்கலைக்கு இரு பெயர் இட்டனர். ஒல்லாந்தர் இதனை அமைதியுற்ற உயிர் என்னும் பொருள்பட அழைத்தனர். பிரெஞ்சுக்காரர் இறந்த இயற்கை என்றனர். ஒரே பொருளை ஒரு சாரார் உயிருள்ளதாகவும் மற்றொரு சாரார் உயிரற்றதாகவும் கண்ட இந்த முரண்பாடு, கலையின் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வந்துள்ளது. 1667ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியக் கழகத்தைச் சேர்ந்த ஃபெலிபியன் என்பார் ஓவிய வகைகளுக்குத் தரவரிசை ஒன்று வகுத்தார். வரலாறும் புராணமும் தீட்டுவோர் உச்சியில் அமர்ந்தனர். அவர்க்குக் கீழே மனிதரின் உருவம் வரைவோரும், அதற்கும் கீழே விலங்கும் நிலக்காட்சியும் வரைவோரும் வைக்கப்பட்டனர். பழமும் பூவும் பாத்திரமும் தீட்டுவோருக்குக் கிடைத்தது கடைசிப் படி. ஓவியத்திலும் ஒருவகைச் சாதி வரிசை இருந்ததென்றே இதனைச் சொல்ல வேண்டும். அப்படியாயின், கடைசிப் படியில் வைக்கப்பட்ட இக்கலை கொழும்பு மாநகரில் வாழும் ஓவியனுக்கு எதற்காக? இஃது இரவல் கலையா, அன்றி அவனுக்கும் உரிமையுடையதா? இவ்வினாவுக்கு விடை காண, முதலில் கொட்டாஞ்சேனைப் பக்கம் சென்று பார்த்தல் தகும்.

கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டிலே ஒல்லாந்தர் கட்டிய வுல்பெண்டால் தேவாலயம் நிற்கிறது. 1749இல் கட்டத் தொடங்கப்பெற்ற அத்தேவாலயம் 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. 1656 முதல் 1796 வரை கொழும்பு ஒல்லாந்தர் கையில் இருந்தது. கறுவாவும் மிளகும் ஏற்றிச் சென்ற அவர்களின் கப்பல்கள் கொணர்ந்த செல்வம், ஒல்லாந்து நாட்டு வணிகர் இல்லங்களை நிறைத்தது. அவ்வில்லங்களின் சுவர்களிலேதான் அசையாப் பொருட் சித்திரம் என்றுமில்லாத செழிப்பைப் பெற்றது. ஹார்லெம் நகரத்து பீட்டர் கிளாஸ் என்னும் ஓவியர் 1627இல் தீட்டிய விருந்து மேசை ஒன்றைச் சான்றாகக் கூறலாம். சீனத்துப் பீங்கான், சிப்பிக் கிண்ணம், வெட்டிய எலுமிச்சை, வான்கோழிப் பணியாரம் ஆகியவற்றின் நடுவே, பஞ்சாங்கத்திலிருந்து கிழித்த தாள் ஒன்று சுருளாகச் சுற்றப்பட்டுக் கிடக்கிறது. அதனுள் உப்பும் மிளகும் இருக்கின்றன. காலிமுகத் திடலில் கடலை விற்பவர் கையிலுள்ள காகிதச் சுருள்போன்றதே அதுவும். கீழைத் தேசத்து மிளகு, மேலைத் தேசத்துப் படத்தில் அவ்வாறு இடம்பெற்றது. ஆகவே, இக்கலை இந்தக் கடற்பகுதிக்கு முற்றிலும் அந்நியமானதென்று சொல்லிவிட முடியாது. அதன் மேசையில் வைக்கப்பட்ட பொருள்களில் ஒரு பங்கு இத்திசையிலிருந்தே சென்றது.

ஒல்லாந்த ஓவியர் செல்வத்தைக் காட்டியதோடு நின்றாரல்லர். பளபளக்கும் வெள்ளிக் கிண்ணத்தின் அருகே அணைந்த மெழுகுதிரி ஒன்றையும், சில வேளைகளில் மண்டையோடு ஒன்றையும் வைத்தனர். இன்று பழுத்த பழம் நாளை அழுகும். விருந்துண்டவனும் ஒருநாள் மறைவான் என்பதே அவர் சொல்லிய பாடம். பொருளை உடைமையாகக் காட்டி, உடைமையின் நிலையாமையையும் உடன் காட்டிய மரபு இது.

ஸ்பானிய நாட்டில் வேறொரு மரபு இருந்தது. சான்செஸ் கொத்தான் என்பவர் துறவற மடத்திற் சேர்வதற்குச் சற்று முன்னர், 1602ஆம் ஆண்டளவில், ஓர் ஓவியம் தீட்டினார். இருண்ட யன்னல் ஒன்றில் பழம் ஒன்றும் முட்டைக்கோசு ஒன்றும் கயிற்றில் தொங்குகின்றன. கீழே வெட்டிய முலாம்பழமும் வெள்ளரிக்காயும் கிடக்கின்றன. படத்திலுள்ளவை அவ்வளவே. விருந்துமில்லை, செல்வமுமில்லை. உறியிலே தயிர்ப்பானை தொங்கிய அடுக்களைகளைக் கண்டு வளர்ந்த தமிழருக்கு அக்காட்சி புதுமையாகத் தோன்றாது. ஆயினும் கறிக்கு வாங்கிய காய், கடவுளின் திருமுன் நிற்பதுபோல் அத்துணை அமைதியோடு நிற்பது அப்படத்தின் சிறப்பு.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு ஷார்தான், செப்புக் குடமும் வெங்காயமும் முட்டையும் வைத்துத் தீட்டினார். அடுத்த நூற்றாண்டில் சேசான் வந்தார். 1839இல் பிறந்து 1906இல் மறைந்த சேசான், ஒரே மேசையைப் பலமுறை அமைத்துப் பலமுறை வரைந்தார். மிகமிக மெதுவாக வேலை செய்தமையால் பூக்கள் வாடிவிடும், பழங்கள் அழுகிவிடும். அதனால் அவர் காகிதப் பூக்களை வைத்துத் தீட்டியதும் உண்டு. அவருடைய படத்தில் மேசையின் இடப்புற விளிம்பும் வலப்புற விளிம்பும் ஒரே கோட்டில் அமைவதில்லை. தட்டின் வாய் சற்று நிமிர்ந்து பார்ப்பவரை நோக்கும். இது பிழையன்று. மனிதன் ஒரு பொருளை ஒற்றைக் கண்ணால், ஒரே இடத்தில், ஒரே கணத்தில் பார்ப்பதில்லை. தலையை அசைத்தும், இடம் மாறியும், மீண்டும் மீண்டும் பார்த்தே அறிகிறான். அவ்வாறு பார்த்த பார்வைகளையெல்லாம் ஒரே துணியில் ஒன்றுசேர்க்க சேசான் முயன்றார். பழத்தின் திரட்சியைக் காட்ட அவர் கறுப்பு நிழலை நம்பவில்லை. ஒரு நிறத்தின் பக்கத்தில் மற்றொரு நிறத்தை வைத்தே அதனைத் திரளச் செய்தார். கடைசிப் படியில் வைக்கப்பட்ட கலை அவர் கையிலே ஓவியர் அனைவருக்கும் பள்ளிக்கூடமாயிற்று. பிக்காசோவும் பிராக்கும் தொடங்கிய கனவடிவ ஓவியமும் இந்த மேசையிலிருந்தே வளர்ந்தது.

இனித் தமிழர் இல்லத்தை நோக்கலாம். கொட்டாஞ்சேனையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும், ஒரு தமிழர் வீட்டில் நன்மை நடக்கும்போது வாயிலில் நிறைகுடம் வைப்பர். தலைவாழையிலை விரித்து, நெல் அல்லது அரிசி பரப்பி, அதன்மேல் நீர் நிறைந்த குடத்தை வைத்து, மாவிலை செருகித் தேங்காயை நிறுத்துவர். இரு பக்கமும் குத்துவிளக்கு எரியும். முன்னே வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டம் இருக்கும். எந்தப் பொருள் எங்கே இருத்தல் வேண்டும், இலையின் நுனி எப்பக்கம் நோக்க வேண்டும் என்பதெல்லாம் வீட்டு முதியோர் அறிவர். பித்தளையின் மஞ்சளும், மாவிலையின் கரும்பச்சையும், தேங்காய் நாரின் மண்ணிறமும், அரிசியின் வெண்மையும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டுகின்றன. பொருள்களைத் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தி வைக்கும் கலை இதுவெனில், தமிழர் இல்லங்களில் அக்கலையைப் பயிலாத இல்லம் இல்லை.

ஆனால், இவ்வளவு அழகாக அமைத்த நிறைகுடத்தைத் தனியாக அமர்ந்து வரைந்து சுவரில் மாட்டும் வழக்கம் பழைய நாளில் வளரவில்லை. காரணம் என்ன? 1877இல் கொழும்பிலே பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் நூல்களில் இதற்கு விடை காணலாம். 1908இல் வெளிவந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்னும் நூலிலே, கொல்லனும் தச்சனும் குயவனும் நெசவாளனும் செய்த அன்றாடப் பொருள்களை அவர் கலைப்பொருள்களாகவே ஆராய்ந்தார். கண்ணுக்குத் தோன்றுவதை அப்படியே பார்த்தெழுதுவது கீழைத்தேயக் கலையின் நோக்கமன்று என்பது அவர் பின்னாளிலும் வற்புறுத்திய கருத்து. அதன்படி நோக்கினால், குடத்தின் படத்தை வரைவதற்குப் பதிலாகக் குடத்தையே அழகுறச் செய்தது இந்நாட்டு மரபு எனலாம். பாக்குவெட்டியின் பிடியில் பறவையின் கழுத்தைக் கண்டவன் கைவினைஞன். மூக்குப்பேணியின் வளைவிலே பருகுபவனின் உதட்டையும் கையையும் நினைந்தவன் அவன். மேனாட்டான் பொருளைப் படத்தில் மதித்தான். கீழ்நாட்டான் பொருளைப் பொருளிலேயே மதித்தான்.

இந்த இரு மதிப்புகளையும் ஒன்றுசேர்ப்பது எவ்வாறு என்பதே இருபதாம் நூற்றாண்டில் கொழும்பு ஓவியர்முன் நின்ற வினா. அக்காலப் பாடசாலைகளில் சித்திரம் என்பது பெரும்பாலும் பார்த்தெழுதும் பயிற்சியாகவே இருந்தது. கனவடிவும் கூம்பும் உருளையும் வைத்து, நேர்கோட்டை நேராகவும் நிழலைச் சரியாகவும் தீட்டுபவன் நல்ல மாணவன். அவன் கண்டது என்ன என்று கேட்பாரில்லை. இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் முதன்மையானவர் வின்சர். 1920களில் அரசினரின் சித்திர வித்தியாதரிசியாகப் பணியாற்றிய அவர், பிரான்சு நாட்டுப் புதிய ஓவிய நோக்கை இளைஞர்க்கு எடுத்துக் காட்டியதோடு, இந்நாட்டுப் பழைய ஓவியங்களை மதிக்கவும் கற்பித்தார். யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை அமைத்த ஓவியர் கழகம் வின்சரின் பெயரையே தாங்கிற்று என்பது அவர்பால் தமிழ் ஓவியர் கொண்டிருந்த மதிப்பைக் காட்டும்.

வின்சரின் ஊக்கம் பெற்றோருள் இருவர் ஜோர்ஜ் கீற், ஜெவ்றி பெலிங் என்போர். பெலிங் பம்பாயில் ஓவியம் பயின்றவர்; பின்னர் வின்சரின் இடத்தில் அமர்ந்து, பிள்ளைகள் தாம் கண்டதைத் தாமே வரைய வேண்டும் என்னும் கொள்கையைப் பாடசாலைகளிற் பரப்பியவர். கீற் 1901இல் கண்டியில் பிறந்தவர். இருபத்தைந்து வயதுக்கு மேலேதான் தூரிகையை உறுதியோடு கையில் எடுத்தார். 1930களின் தொடக்கத்தில் அவர் கனவடிவ முறையைப் பின்பற்றி அசையாப் பொருட் சித்திரங்களைத் தீட்டினார். பாரிசு நகரத்து மேசைகளில் மதுப்புட்டியும் வீணை போன்ற கித்தாரும் செய்தித்தாளும் இருந்தன. கீற்றின் மேசைக்கு மாங்கனி வந்தது.

பழம் மாறினாற் போதுமா என்று கேட்கலாம். போதாது என்பதைக் கீற் நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால ஓவியமே சான்று. கனவடிவ ஓவியம் பொருளை உடைத்து, அதன் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் ஒருங்கே காட்டுவது. அந்த உடைப்பில் மேனாட்டார் பலர் கூர்மையான மூலைகளைக் கண்டனர். கீற்றின் கை சென்றது வளைகோட்டை நோக்கியே. ஒரே கோடு ஒரு வடிவத்தின் முடிவாகவும் அடுத்த வடிவத்தின் தொடக்கமாகவும் அமைவது அவர் ஓவியத்தின் தனிச்சிறப்பு. 1939, 1940ஆம் ஆண்டுகளில் பொரளை கோதமி விகாரையின் சுவர்களிலே புத்தர்பெருமானின் வரலாற்றை அவர் எழுதியபோது, அந்தக் கோடே துணை நின்றது. மேசையில் கற்ற பாடம் சுவருக்குச் சென்றது. மாங்கனி அவருக்குப் பயணத்தின் முடிவன்று. கண்ணைப் பழக்கிய இடம்.

மற்றொரு வழி ஹரி பீரிஸின் வழி. 1904இல் பிறந்த அவர் இலண்டனில் பயின்றபின், பாரிசில் ரொபேர்ட் ஃபால்க் என்னும் ருசிய ஓவியரிடம் கற்றார். ஃபால்க், மொஸ்கோவில் 1910ஆம் ஆண்டளவில் சேசானை வழிகாட்டியாகக் கொண்டு எழுந்த இளம் ஓவியர் குழுவின் நிறுவுநருள் ஒருவர். நிறத்தை நிறத்தோடு பொருத்தி வடிவத்தைத் திரட்டும் சேசானின் நெறி, ஃபால்க்கின் வழியே ஹரி பீரிஸுக்கு வந்தது. அவர் சாந்திநிகேதனத்திலும் சிலகாலம் இருந்து நாடு திரும்பினார். கொழும்பு பார்ன்ஸ் பிளேசிலுள்ள தம் இல்லத்தை இளம் ஓவியர்க்குத் திறந்து வைத்தார். பிரான்சின் தென்கோடியில் ஓர் ஆப்பிள் பழத்தின்முன் அமர்ந்திருந்த கிழவரின் பார்வை, மொஸ்கோவும் பாரிசும் சுற்றி, கறுவாத்தோட்டத்து மரநிழலில் அமர்ந்த இளைஞர்களைச் சேர்ந்தது இவ்வாறே. 1943ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் லயனல் வென்ற் என்பாரின் வீட்டில் கூடி ‘நாற்பத்து மூன்று குழு’வைத் தொடங்கியவர்களுள் கீற், பெலிங், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி முதலியோருடன் ஹரி பீரிஸும் ஒருவர். 1974இல் அவர் தம் இல்லத்தையும் தாம் சேர்த்த ஓவியங்களையும் சண்பகப் பூவின் சிங்களப் பெயர் தாங்கிய சப்புமல் நிலையமாக்கி, நாட்டு மக்களுக்கு உரியதாக்கினார்.

லயனல் வென்ற்றின் பெயர் மற்றொருவரை நினைவூட்டுகிறது. 1929இல் சிலி நாட்டுத் தூதுப் பணியாளராகக் கொழும்புக்கு வந்த கவிஞர் பாப்லோ நெரூடா, வெள்ளவத்தைக் கடலோரத்தில் குடியிருந்தார். வென்ற் அவருக்கு ஈருருளியில் ஆளனுப்பிப் புத்தகங்கள் கொடுத்துதவினார். 1930இல் கீற்றின் ஓவியங்களைக் கண்ட நெரூடா, அவற்றைப் புகழ்ந்து ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். ஓய்ந்து கிடக்கும் பொருள்களை, மனிதக் கைகள் அவற்றில் பதித்த தேய்வோடும் அழுக்கோடும் உற்று நோக்குதல் வேண்டும் என்று அவர் 1935இல் ஒரு கட்டுரை வரைந்தார். 1954இல் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் பாட்டுப் பாடினார். சொல்லால் அசையாப் பொருட் சித்திரம் தீட்டியவர் என்று அவரைக் கூறினால் அது மிகையன்று.

ஆயினும் அவருடைய வெள்ளவத்தை வாழ்க்கையில் மறைக்கத்தகாத ஒரு செய்தியும் உண்டு. அவர் மறைந்த மறு ஆண்டில், 1974இல், வெளிவந்த நினைவு நூலிலே அவரே அதனை எழுதியுள்ளார். நாள்தோறும் மலவாளியை எடுத்துச் செல்ல அவ்வீட்டுக்கு வந்த தமிழ்ப்பெண் ஒருத்தியை, அவளுடைய இசைவின்றி, அவர் பலாத்காரம் செய்தார். அவளைக் கோயிற் சிற்பத்துக்கு ஒப்பிட்டு எழுதினார். அவள் தம்மை வெறுத்தது சரியே என்றும் எழுதினார். அவள் பெயர் அந்நூலில் இல்லை. சமூகத்தின் கடைசிப் படியில் வைக்கப்பட்டிருந்த அவள் சார்பில் வழக்குரைக்க அன்று ஒருவருமில்லை. வெங்காயத்தின் தோலை அத்துணை அன்போடு கண்ட கண், தன் வாசலுக்கு வந்த மனுஷியைப் பொருளாகவே கண்டது.

ஓவியக் கலை பற்றிய பேச்சில் இச்செய்தி எதற்காக என்று எண்ணலாம். அழகைக் காண்பது வேறு; காண்பதை மதிப்பது வேறு. அசையாப் பொருளை வரைபவன் பயில வேண்டியது இரண்டாவதனையே. மேசைமேல் இருக்கும் பழம் அவனுடையதுதான். எடுத்து உண்ண அவனைத் தடுப்பார் இல்லை. எனினும் அவன் கையை மடக்கிக்கொண்டு அதனை அதன் இடத்தில் இருக்க விடுகிறான். தன் விருப்பத்தைச் சற்று ஒதுக்கி, எதிரே இருப்பது தானாகவே இருப்பதற்கு இடங்கொடுக்கிறான். இந்த அடக்கம் தூரிகையோடு முடிந்துவிடுமானால், கண் தேர்ந்ததேயன்றி மனம் தேறவில்லை. பொருளை மனிதனுக்குரிய மதிப்போடு காண்பது கலை. மனிதனைப் பொருளாகக் காண்பது கொடுமை. இரண்டும் ஒரே வீட்டில் நிகழக்கூடும் என்பதை வெள்ளவத்தைக் கடற்கரை அறியும்.

பொருளின் மதிப்பை அப்பகுதி மக்கள் வேறொரு வகையிலும் அறிய நேர்ந்தது. 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட கொழும்பின் பல பகுதிகளில் தமிழர் தாக்கப்பட்டனர். அவர்தம் வீடுகள் சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயின. உயிரிழந்தோர் பலர். உயிர் தப்பியோர் அகதி முகாம்களிலும், பின்னர்க் காங்கேசன்துறைக்குச் சென்ற கப்பல்களிலும் உடுத்த உடையோடு நின்றனர். வீடிழந்தவரின் நினைவில் நிற்பவை விலையுயர்ந்த பொருள்கள் மட்டுமல்ல. யன்னற்படியில் இருந்த செம்பு, சாமியறை விளக்கு, தந்தையின் மூக்குக்கண்ணாடிக் கூடு, பிள்ளை பெயரெழுதிய புத்தகம் ஆகியவற்றின் இடமும் நிறமும் கண்முன் வந்து நிற்கும். நாள்தோறும் பார்த்தும் பாராமலிருந்த பொருள்கள், இல்லாமற்போன பின்னரே முழுமையாகக் காணப்படுகின்றன. பொருள் இருக்கும்போதே அதனைக் காணும்படி அழைப்பது ஓவியனின் தொழில். ஒல்லாந்த ஓவியன் மண்டையோடு வைத்துச் சொன்ன நிலையாமையை, இங்கே ஒரு பித்தளைச் செம்பே சொல்லிவிடும்.

ஆகவே, அசையாப் பொருட் சித்திரம் இரவல் கலையா என்னும் வினாவுக்கு இவ்வாறு விடை கூறலாம். காணும் முறையின் ஒரு பகுதி வெளியிலிருந்து வந்தது. அதனை மறைக்க வேண்டியதில்லை. ஹரி பீரிஸ் மறைக்கவுமில்லை. ஆனால் பொருளை மதித்து வைக்கும் ஒழுங்கு இங்கேயே இருந்தது. அந்த ஒழுங்கை அறியாது பிற நாட்டான் படத்திலுள்ள ஆப்பிளையும் மதுப்புட்டியையும் எடுத்தெழுதுபவன், தான் உண்ணாத பழத்தைப் பிறர் கண்ணால் பார்க்கிறான். நிறைகுடத்தை எழுதினாற் போதும், அது தமிழ் ஓவியமாகிவிடும் என்று நினைப்பவனும் தவறுகிறான். அவன் குடத்தைப் பார்க்கவில்லை, குடத்தின் பெயரையே பார்க்கிறான். வாழ்த்து மடல்களிலும் நாட்காட்டிகளிலும் அச்சாகும் நிறைகுடங்களில் பல, பார்த்து வரையப்பட்டவையல்ல. அவற்றின் பித்தளையில் எந்த யன்னலின் ஒளியும் விழுவதில்லை.

இளம் ஓவியனுக்கு இக்கலையைப் பயிலப் பெரும் வசதி தேவையில்லை. வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், மாடிவீட்டின் சிறு அறை போதும். காலை வேளையில் மேற்கு யன்னலின் ஒளி அடங்கியிருக்கும். பிற்பகலில் கடலிலிருந்து எறிக்கும் வெயில் நிழலையெல்லாம் நிமிடந்தோறும் நகர்த்திவிடும். ஆதலால் நாள்தோறும் ஒரே வேளையில் அமர்தல் நன்று. பொருள்கள் மூன்று போதும். பல பொருள்கள் சேர்ந்தால் கடைவீதியாகிவிடும். அவற்றுள் ஒன்றாவது கைபட்டுத் தேய்ந்ததாய் இருக்கட்டும். இத்தாலிய ஓவியர் மொராந்தி, 1964இல் மறையும்வரை, தம் அறையிலிருந்த அதே சில போத்தல்களையும் கிண்ணங்களையும் மாற்றி மாற்றி வைத்து வரைந்தார். அவர் கண்டு முடிக்கவில்லை.

கொழும்பின் வெப்பத்தில் மாம்பழம் காத்திருப்பதில்லை. முதல் நாள் இறுகியிருந்த தோல் மூன்றாம் நாள் தளரும். காம்படியில் கரும்புள்ளி தோன்றும். அறை முழுவதும் மணம் பரவும். ஓவியன் அதற்குள் தன்னாலியன்றதைக் கண்டிருக்க வேண்டும். கண்டபின், படம் முடிந்தாலும் முடியாவிட்டாலும், பழத்தை அரிந்து வீட்டிலுள்ள அனைவர்க்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம். அடுத்த நாள் மேசைமேல் செம்பு மட்டும் இருக்கும். பழம் இருந்த இடத்தில் துணியின் மடிப்பு இன்னும் கலையாமலிருக்கும். அதனையும் அவன் பார்ப்பானாயின், அவன் ஓவியனாகத் தொடங்கிவிட்டான்.